அத்தியாயம் 4: பிள்ளைகளுக்கு முன்னால் ஆசிரியரின் நடை

வெளிக்களக் கல்விக்கு ஆசிரியரைத் தயார்ப்படுத்துவது என்றதும் அனுமதிக் கடிதம், வண்டி ஏற்பாடு, சாப்பாடு, முதலுதவிப் பெட்டி என்றுதான் பேச்சு தொடங்குகிறது. அவை எல்லாம் வேண்டும். ஆனால் அவற்றைப் பொறுப்பான வேறு ஒருவரும் கவனித்துவிடலாம். யாரிடமும் ஒப்படைக்க முடியாத வேலை ஒன்று ஆசிரியருக்கு உண்டு. பிள்ளைகளை அழைத்துப் போகப் போகிற பாதையை, அவர்கள் இல்லாமல், முன்கூட்டியே நடந்து பார்ப்பது. இந்த நூலில் அதை முன்நடை என்கிறோம். ஒரு பாதையை வெவ்வேறு பருவங்களில் மூன்று முறையாவது நடந்து பார்க்காதவர் அந்தப் பாதையில் நாற்பது பிள்ளைகளுக்குப் பொறுப்பேற்கக் கூடாது. இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு விதியைப் பற்றியது.

எடுத்துக்காட்டுக்குத் திருக்கடையூரை வைத்துக்கொள்கிறேன். மயிலாடுதுறை மாவட்டம், தரங்கம்பாடி வட்டம். காவிரிப் பாசனத்தின் கடைமடை. வெளியூர்க்காரர்களுக்கு அது அமிர்தகடேசுவரர்–அபிராமி கோயில், அறுபதாம் கல்யாணமும் சதாபிஷேகமும் செய்துகொள்ள வருகிற ஊர். ஆசிரியருக்கோ, கிழக்கே சில கிலோமீட்டரில் கடல், சுற்றிலும் நெல்வயல், பக்கத்திலேயே தில்லையாடி, தெற்கே சுமார் 8 கி.மீ.யில் தரங்கம்பாடி. ஒன்பதாம், பத்தாம் வகுப்பின் புவியியல், வரலாறு, அறிவியல், கணிதம் நான்குக்கும் ஒரே நாள் நடைக்குள் இடம் கிடைக்கிறது.

ஆசிரியர் பயிற்சிக்கே இந்தக் கரையோரத்தில் நீண்ட வரலாறு உண்டு. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றவர். 1716இல் டேனிஷ் மிஷனைச் சேர்ந்தவர்கள் அங்கே பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கியதாக இந்தியக் கல்வி வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. முந்நூறு ஆண்டுகள் கழிந்தும் நம் பயிற்சிகளில் பெரும்பகுதி மின்விசிறிக்குக் கீழேதான் நடக்கிறது. 1991இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது. 2001 முதல் தேசிய பசுமைப் படை பள்ளிகளுக்கு வந்தது. பொறுப்பாசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள், மரக்கன்றுகள் நடப்பட்டன. ஆனால் ஒரு வாய்க்கால் கரையில் நாற்பது பேரை நிற்க வைத்து என்ன கேட்பது, எதைத் தொட விடுவது, எப்போது திரும்புவது என்பதை அந்தப் பொறுப்பாசிரியருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பாதையும் பருவமும்

முதல் முன்நடைக்குக் கோயிலின் மேற்கு வாசலில் தொடங்கி, தெருவைக் கடந்து, வயல்வெளிக்குள் போகும் பாசன வாய்க்கால் ஒன்றைப் பின்தொடருங்கள். கையில் ஒரு நோட்டு, ஒரு அளவு நாடா, தண்ணீர் பாட்டில் போதும். சக ஆசிரியர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள், அவர் வேறு பாடத்துக்காரராக இருக்கட்டும். அறிவியல் ஆசிரியர் நண்டு வளையைப் பார்க்கும் இடத்தில் சமூக அறிவியல் ஆசிரியர் மதகில் பொறித்திருக்கும் ஆண்டைப் பார்ப்பார்.

பருவத்தைத் தேர்வதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கும், குறுவை தொடங்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. 2022இல் மே 24இலேயே திறந்தார்கள். 2024இல் நீர் இல்லாமல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மேட்டூரில் விட்ட தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும். அங்கிருந்து கிளை ஆறுகளில் பிரிந்து, தலைமடை வயல்கள் குடித்தது போக, கடைமடைக்கு எப்போது வந்து சேரும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஜூலை முதல் வாரம் நாற்றங்கால் காட்டலாம் என்று திட்டமிட்டு வண்டி பேசிவிட்டால், வெடித்த தரையைப் பார்த்துவிட்டுத் திரும்ப நேரலாம். அதுவும் பாடம்தான், ஆனால் ஆசிரியர் அதற்குத் தயாராக இருக்க வேண்டும். அதற்குத்தான் முன்நடை. மதகைத் திறந்து மூடும் பாசனப் பணியாளரான லஸ்கரிடம், அல்லது வரப்பில் மண்வெட்டியோடு நிற்பவரிடம் கேளுங்கள்: “ஐயா, இந்த மடைக்குத் தண்ணி என்னைக்கு வந்துச்சு? போன வருசம் எப்ப வந்துச்சு?” இந்த இரண்டு கேள்விக்கான பதிலையும் தேதியோடு எழுதி வைத்தால், மூன்றாம் ஆண்டில் உங்கள் பள்ளியிடம் வேறு எங்கும் கிடைக்காத ஒரு பாசனப் பதிவு இருக்கும்.

என் பரிந்துரை இது. பத்தாம் வகுப்பை ஜூலை முதல் செப்டம்பர் வரையிலும், ஒன்பதாம் வகுப்பை ஜனவரி, பிப்ரவரியிலும் வெளியே அழைத்துச் செல்லுங்கள். ஜனவரியில்தான் சம்பா அறுவடை, வலசைப் பறவைகள், கரையேறி முட்டையிடும் பங்குனி ஆமைகள் என்று இந்தப் பகுதி நிறைந்திருக்கிறது. ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளையின் மனசு அப்போது தேர்வில் இருக்கும். வடகிழக்குப் பருவமழை அடிக்கும் அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை முன்நடை போகலாம், பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டாம். மின்னல், வழுக்கும் வரப்பு, நிரம்பிய வாய்க்கால் மூன்றும் சேர்ந்த காலம் அது.

வாய்க்கால் கரையில் ஒரு வகுப்பு

ஆசிரியர் தானே ஒருமுறை செய்து பார்க்காத செயல்பாட்டைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது. வாய்க்காலில் ஓடும் நீரை அளப்பதை எடுத்துக்கொள்வோம். நேராக ஓடும் இடமாகப் பார்த்துக் கரையில் 10 மீட்டர் அளந்து இரண்டு குச்சி நடுங்கள். மேலே ஒரு சிறு தேங்காய் மட்டைத் துண்டைப் போட்டு, அது முதல் குச்சியிலிருந்து இரண்டாம் குச்சிக்கு வர எத்தனை விநாடி என்று பாருங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். 25 விநாடி என்றால் மேற்பரப்பு வேகம் விநாடிக்கு 0.4 மீட்டர். அடியிலும் ஓரத்திலும் நீர் மெதுவாகவே ஓடும் என்பதால் அதை 0.85ஆல் பெருக்க வேண்டும்: 0.34. வாய்க்கால் 2 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 0.4 மீட்டர் என்றால் குறுக்குப் பரப்பு 0.8 சதுர மீட்டர். ஆக விநாடிக்கு 0.272 கன மீட்டர். இதைக் கன அடியாக்கப் பிள்ளைகளிடமே விடுங்கள். ஒரு கன மீட்டர் 35.3 கன அடி, ஆகவே 9.6 கன அடி வரும். காலையில் செய்தித்தாளில் “கல்லணையில் இத்தனை ஆயிரம் கன அடி திறப்பு” என்று படிக்கும் பிள்ளைக்கு, தன் ஊர் வாய்க்காலில் ஓடுவது பத்துக்கும் குறைவான கன அடி என்று தெரிகிற நொடியில் டெல்டாவின் புவியியல் விளங்கத் தொடங்குகிறது.

முன்நடையில் இதைச் செய்து பார்த்தால் புத்தகத்தில் இல்லாத சில விஷயங்கள் தெரியவரும். ஆகாயத்தாமரை அடைத்த வாய்க்காலில் மட்டை நகராது. காற்று எதிர்த்து அடித்தால் இலை போட்டு அளக்கும் அளவு தவறும், அதனால்தான் பாதி மூழ்கும் மட்டைத் துண்டு. ஆழத்தைக் கரையில் நின்றபடி நீண்ட கழியால் பார்க்கக்கூடிய இடமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், நீருக்குள் யாரும் இறங்கக் கூடாது. ஒரு மதகுப் பாலம் இருந்தால் அதன் மேலிருந்தே அளந்துவிடலாம்.

உப்பு இன்னொரு பாடம். கடலை நெருங்க நெருங்க நிலத்தடி நீர் எப்படி மாறுகிறது என்பதைப் பேனா அளவிலான டி.டி.எஸ். மீட்டர் ஒன்று காட்டிவிடும். திருக்கடையூரிலிருந்து கடற்கரை வரை, வழியில் உள்ள அடிபம்புகளில் ஒவ்வொன்றாக நீர் பிடித்து அளந்து வரைபடத்தில் குறியுங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்றது, வேறு நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. கடல்நீரில் சுமார் 35,000. மலிவான மீட்டர்கள் பல பத்தாயிரத்துக்கு மேல் காட்டா. கடல்நீரை அளக்க, ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த நீர் கலந்து, வருவதைப் பத்தால் பெருக்க வேண்டும். இதை முன்நடையில் கண்டுகொள்ளாத ஆசிரியர் பிள்ளைகள் முன்னால் மீட்டர் கெட்டுவிட்டது என்று சொல்லும்படி ஆகும். உப்பு ஏன் ஏறுகிறது என்ற கேள்வி வந்தால் ஆற்றில் நீர் குறைந்தது, ஆழ்துளைக் கிணறுகள், கரையோர இறால் பண்ணைகள் என்று பேச்சு விரியும். இறால் பண்ணை வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், அந்தத் தீர்ப்புக்குப் பின்னணியாக நாகை மாவட்டத்தில் ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் தம்பதியர் நடத்திய போராட்டமும் இந்த மண்ணின் வரலாறு. அந்தப் பண்ணைகளில் வேலை பார்க்கும் பெற்றோரின் பிள்ளைகளும் உங்கள் வகுப்பில் இருக்கலாம். ஆசிரியர் தீர்ப்புச் சொல்லாமல், எண்களை முன்னே வைத்து இரண்டு தரப்பையும் கேட்க வைக்க வேண்டும்.

கோபுரத்தின் உயரம்

பத்தாம் வகுப்புக் கணிதத்தில் உயரங்களும் தொலைவுகளும் வருகிறது. திருக்கடையூரில் ஏழு நிலை ராஜகோபுரம் நிற்கிறது. ஒரு பாகைமானி, நடுவில் கட்டிய நூல், நுனியில் ஒரு சிறு கல், விளிம்பில் ஒட்டிய உறிஞ்சுகுழல்: கருவி தயார். 45 பாகையில் உச்சி தெரியும் இடத்தில் நின்றால் தூரமும் உயரமும் சமம் என்ற எளிய வழி தென்னை மரத்துக்குச் சரி, அதுவும் சாயாத தென்னைக்கு. கோபுரத்தின் உச்சிக்கு நேர் கீழ்ப்புள்ளி வாசலுக்குள்ளே, ஆட்கள் போய்வரும் வழியில் இருக்கிறது. அங்கே நாடா பிடிக்க முடியாது. ஆகவே தெருவில் ஒரே நேர்கோட்டில் இரண்டு இடம்: ஒன்றில் 45 பாகை, பின்னால் போய் 30 பாகை. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை 1.37ஆல் பெருக்கிக் கண் மட்டத்தைக் கூட்டினால் உயரம். தென்னைக்குச் சொன்ன முறையில் கோணம் ஒரு பாகை பிசகினாலே 20 மீட்டர் மரத்தில் 70 சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். எட்டுக் குழு எட்டு விடை கொண்டுவரும்போது யாருடையது சரி என்று கேட்காதீர்கள், ஏன் வேறுபடுகிறது என்று கேளுங்கள். முகூர்த்த நாளில் இந்த வகுப்பை வைக்க வேண்டாம். கோயில் அலுவலகத்தில் முன்பே சொல்லிவிடுங்கள். வேற்று மதப் பிள்ளைகள் ஒதுங்கி நிற்கும் நிலை வராமல், செயல்பாடு முழுவதும் தெருவிலேயே முடியட்டும்.

தில்லையாடியைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அங்கே செய்ய வேண்டியது எளிது. ஜோகனஸ்பர்க்கில் பிறந்து, தென்னாப்பிரிக்க சத்தியாகிரகத்தில் சிறை சென்று, 1914 பிப்ரவரி 22இல் 16 வயதில் இறந்த வள்ளியம்மையின் பெற்றோர் வழி ஊர் அது. காந்தி 1915இல் அங்கே வந்தார். உங்கள் வகுப்பில் அமர்ந்திருப்பவர்களுக்கும் ஏறக்குறைய அதே வயது. நினைவு மண்டபத்தில் நீண்ட உரை நிகழ்த்தாதீர்கள்.

கடற்கரை

தரங்கம்பாடியில் பெரும்பாலான பள்ளிச் சுற்றுலாக்கள் 1620இல் கட்டிய டேன்ஸ்பர்க் கோட்டையைப் பார்த்து, படம் எடுத்து, திரும்பிவிடுகின்றன. வெளிக்கள வகுப்புக்கு மாசிலாமணிநாதர் கோயில்தான் முக்கியமான இடம். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த அந்தக் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கரை அரிப்பைப் பற்றிய பாடத்துக்கு அதைவிடத் தெளிவான சான்று இந்தக் கரையில் இல்லை. கோயிலுக்கும் அலைக்கும் நடுவே கொட்டியிருக்கும் பாறைகள் எந்தப் பக்கத்து மணலைக் காக்கின்றன, எந்தப் பக்கத்தில் மணல் குறைகிறது என்று பிள்ளைகளைப் படம் வரையச் சொல்லுங்கள். ஒவ்வொரு முன்நடையிலும் ஒரே இடத்தில் நின்று ஒரு புகைப்படம் எடுத்து வைத்தால் அதுவே ஒப்பீட்டுக்குப் போதும்.

2004 டிசம்பர் 26 இந்த ஊர்களில் வீடுதோறும் தங்கிவிட்ட நாள். இப்போதைய பிள்ளைகள் அதற்குப் பின் பிறந்தவர்கள், ஆனால் அவர்கள் வீட்டில் இழப்பு இருக்கலாம். அதை முன்பே விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் சுனாமியைப் பற்றிப் பேச வேண்டும். பேசாமல் விடவும் கூடாது. அதே காலையில் தாய்லாந்தின் புக்கெட் தீவில், டில்லி ஸ்மித் என்ற 10 வயது பிரிட்டன் சிறுமி, இரண்டு வாரத்துக்கு முன் பள்ளியில் படித்த புவியியல் பாடத்தை நினைவில் வைத்துக் கடலின் மாற்றத்தைக் கண்டு எச்சரித்தாள். அந்தக் கடற்கரையில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். நம் கரையிலும் கடல் உள்வாங்கினால் மேட்டை நோக்கி ஓட வேண்டும் என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் உடனே நினைவுக்கு வர வேண்டும். அன்றைய வகுப்பிலேயே, கரையிலிருந்து எந்தத் தெரு வழியாக உள்ளே போவது என்று ஒருமுறை நடந்து பாருங்கள்.

மீனவ ஊர்களுக்குள் போகும் முன் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் சொல்லிவிட்டுப் போவதுதான் முறை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்போது கடலுக்குப் போகாத மூத்தவர்கள் வலை பின்னியபடி பேச நேரம் வைத்திருப்பார்கள், முன்நடைக்கு அது நல்ல சமயம். வாடை, கச்சான், கொண்டல், சோழகம் என்று காற்றையும், நீவாடு எனும் கடல் நீரோட்டத்தையும் அவர்கள் சொல்லக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நம் புத்தகத்துப் பருவக்காற்றுப் பாடம் அங்கே உயிரோடு இருக்கிறது.

திரும்பும் முடிவு

2023 பிப்ரவரியில், விளையாட்டுப் போட்டிக்காக வந்த புதுக்கோட்டை மாவட்டப் பள்ளி மாணவிகள் 4 பேர் கரூர் மாவட்டம் மாயனூரில் காவிரியில் இறங்கி மூழ்கி இறந்தார்கள். 2024 ஜனவரி 18இல் வதோதராவின் ஹர்ணி ஏரியில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் மாண்டார்கள். 1993இல் இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் சிறுபடகுப் பயணத்தில் 4 மாணவர்கள் இறந்த பிறகு, 1995இல் அந்த நாடு இத்தகைய மையங்களுக்கு உரிமம் கட்டாயம் என்று சட்டமே இயற்றியது. நீரில் நடந்த இந்தச் சாவுகளைப் பயிற்சி வகுப்பில் பெயர் சொல்லிப் பேச வேண்டும். ஆகவே என் விதி கடுமையானது: பள்ளி நடையில் ஆற்றிலோ கடலிலோ குளத்திலோ யாரும் இறங்கக் கூடாது, கால் நனைக்கவும் கூடாது, படகில் ஏறக் கூடாது. நீச்சல் தெரிந்த பிள்ளைக்கும் இதே விதி. நிலத்தில் 15 பிள்ளைக்கு ஒரு பெரியவர், கடற்கரையில் 8 பிள்ளைக்கு ஒருவர். அத்தனை பேர் கிடைக்காவிட்டால் அன்று கடற்கரை கிடையாது.

வயலில் வேறு ஆபத்துகள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன் மூன்றும் டெல்டா வரப்புகளில் உண்டு. கடித்துவிட்டால் கயிறு கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108ஐ அழைத்து, மருத்துவமனைக்குப் போக வேண்டும். விஷமுறிவு மருந்து அன்று எங்கே இருப்பில் இருக்கிறது என்பதை முந்தின நாளே பொறையாறு அரசு மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கேட்டு எழுதி வைப்பது ஆசிரியரின் வேலை. பூச்சிமருந்து அடித்த வயலில் இறங்கக் கூடாது, யாருடைய வயல் என்று கேட்டால் எப்போது அடித்தார்கள் என்பதையும் கேளுங்கள். காலில் புண் உள்ள பிள்ளை சேற்றில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. சிதம்பரம்–நாகப்பட்டினம் சாலையைக் கடக்கும் இடத்தை முன்நடையிலேயே முடிவு செய்யுங்கள், அந்த நாளில் அதுதான் மிகவும் ஆபத்தான இருபது அடி. மாணவிகளுக்குக் கழிப்பறை எங்கே, தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ் இருக்கிறதா என்று ஆசிரியை ஒருவர் நேரில் பார்த்து வர வேண்டும். இது இல்லாததால்தான் பல பெண்பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நடந்து மயங்குகிறார்கள்.

பயிற்சியில் ஆசிரியர்கள் நடித்துப் பழக வேண்டிய காட்சி ஒன்று உண்டு. மேகம் கறுக்கிறது, கடற்கரைக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர், பிள்ளைகள் போகலாம் என்கிறார்கள், தலைமையாசிரியர் தொலைபேசியில் “வந்ததுதான் வந்தீங்க, பார்த்துட்டே வாங்க சார்” என்கிறார். “இல்ல சார், திரும்பறோம்” என்று அந்த ஆசிரியர் சொல்லிப் பழகட்டும். அவர் அப்படிச் சொன்னதற்காகப் பின்னால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்ற உறுதியை எழுத்தில் கொடுப்பது பள்ளியின் கடமை.

பிள்ளைக்குத் தெரிந்தது

நடவுக்குப் போகிற தாயின் மகளும், வலை இழுக்கிற தந்தையின் மகனும் இந்தப் பாதையில் ஆசிரியரைவிட அதிகம் அறிந்தவர்கள். வகுப்பறையில் பின் வரிசையில் பேசாமல் இருக்கிற பிள்ளை வரப்பில் முன்னே நடப்பதைப் பல ஆசிரியர்கள் பார்த்திருப்பார்கள். அந்தப் பிள்ளையைக் கேட்டு, அது சொன்னதைக் கரும்பலகையில் எழுதத் தெரிந்த ஆசிரியரைத்தான் நாம் உருவாக்க வேண்டும். நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் கொள்முதல் நிலையத்தில் எடுப்பார்கள் என்பது வேதியியல் ஆசிரியருக்குத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் நெல்மூட்டையோடு இரவெல்லாம் காத்துக் கிடந்த வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். முன்நடையில் இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தத் தெருவில் எந்தப் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்கத் தயங்குவார்கள் என்று தெரிந்தால், அந்தத் தெருவில் நிற்க வேண்டாம், குடிநீரைப் பள்ளியே கொண்டுபோகட்டும். சாதியால் ஒரு பிள்ளை குறுகி நின்றால் அன்றைய பாடம் முழுவதும் வீண்.

இத்தனைக்கும் ஆகும் காலம் அதிகமில்லை. செம்பனார்கோயில் வட்டார வள மையமும் குறுவள மையங்களும் ஆசிரியர்களை ஏற்கெனவே கூட்டுகின்றன. அவற்றில் ஆண்டுக்கு மூன்று கூட்டங்களை, ஜூலையில் ஒன்று, நவம்பரில் ஒன்று, ஜனவரியில் ஒன்று என, திருக்கடையூர் வாய்க்கால் கரையிலும் தரங்கம்பாடிக் கடற்கரையிலும் வைக்கட்டும். ஒவ்வொரு ஆசிரியரும் சக ஆசிரியர்களையே மாணவர்களாக வைத்து இருபது நிமிட வகுப்பு ஒன்றை அங்கே எடுக்கட்டும். தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முன்நடைக்குப் போகும் நாளை விடுப்பாகக் கணக்கிடாமல் பணி நாளாகவே பதிவு செய்யுங்கள், அந்த ஒன்றை மறுத்தால் இந்த நூலின் மற்ற அத்தியாயங்கள் எதுவும் உங்கள் பள்ளிக்குப் பயன்படாது.